மூக்கனின் முதல் தீ

தீயணைப்பு வண்டி ஒன்றில் மூக்கன் என்ற, தண்ணீர் பீய்ச்சும் பித்தளை முனை புதிதாகச் சேர்ந்தான். நீளம்மா என்ற நீண்ட தண்ணீர்க் குழாயின் தலையில் அவனை மாட்டினார்கள். இனி எல்லோருக்கும் முன்னால் நிற்பது தான்தான், தான் சொன்னால்தான் தண்ணீர் என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் பயிற்சியில் ஓடிப்போய் நின்றதும், "விடு தண்ணியை!" என்று கத்தினான். இரண்டு சொட்டுதான் விழுந்தது.

"இதுக்கு நானே போதுமே!" என்று வண்டியில் தொங்கிய மணல் வாளி சிரித்தது.

"நீ பாட்டுக்கு ஓடிட்டே தம்பி. என் பாதி உடம்பு இன்னும் வண்டிக்குள்ள மடிஞ்சு கிடக்கு" என்றாள் நீளம்மா.

திரும்பிப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று மூக்கன் அன்று முழுக்கத் தன்னையே குடைந்துகொண்டான்.

மறுநாள் ஒரு மாட்டுக்கொட்டகையில் தீ. உள்ளே கட்டியிருந்த கன்று அலறியது. வாசலில் நின்ற மூக்கனின் பித்தளை சுட்டது. கத்திவிட நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு, "அக்கா, எங்கேயாவது மடிப்பு இருக்கா?" என்று கேட்டான்.

"முள்வேலிகிட்ட ஒண்ணு. நிமிர்த்தறாங்க, இரு."

"கன்னுக்குட்டி வெந்துடும், கத்துடா!" என்று பக்கத்தில் இறக்கி வைத்திருந்த வாளி பதறியது. மூக்கன் முள்வேலிப் பக்கமே பார்த்திருந்தான்.

"இப்ப சரி தம்பி!"

"விடு தண்ணியை!"

நீளம்மாவின் உடம்பு முழுக்க விம்மியது. மூக்கனின் வாயிலிருந்து வெள்ளம் பீறிட்டது. கூரைத் தீ சீறி அடங்கியது. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து வந்து, வாளியை உருட்டிவிட்டு ஓடியது.

ஊரே மூக்கனைப் பார்த்துக் கைதட்டியது. அவன் பின்னால் திரும்பி, "முள்ளு குத்திச்சா அக்கா?" என்று கேட்டான்.