வாத்து மார்க் சுவர்

கடைத்தெரு முனையில் ஒரு பழைய சுவர் இருந்தது. யாரோ எப்போதோ அதன்மேல் வரைந்த 'வாத்து மார்க் குடைகள்' விளம்பரம் வெளிறிப்போய், பாதி எழுத்தும் குடை பிடித்த ஒரு வாத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. சுவருக்கு அந்த வாத்தைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் காலையில், தில்ஷாத் என்ற பெண்ணின் கழுத்தில் தொங்கியபடி ஒரு கேமரா வந்து சேர்ந்தது.

"அப்பாடா! உங்களைத்தான் ஊரெல்லாம் தேடினேன். ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றது கேமரா.

சுவர் பதறியது. "ஐயையோ, இந்தக் கோலத்திலயா? நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருது. ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அப்பப் பாருங்க என் அழகை!"

"அது பேச்சைக் கேக்காதீங்க. எனக்கு ரெண்டு நாள் கிடையாது, இப்பவே எடுங்க" என்று வாத்து குறுக்கே புகுந்து, உரிந்த கழுத்தை நிமிர்த்தி நின்றது. கேமரா ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனது.

சொன்னபடியே வெள்ளையடித்தார்கள். சுவர் புது மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று நின்றது. அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கேமராக்கள் மூன்றாம் நாள் திமுதிமுவென்று தெருவுக்குள் நுழைந்தன. எல்லாம் எனக்காகத்தான் என்று சுவர் பூரித்துப்போனது.

முன்னால் வந்த கேமரா சுவரை ஏற இறங்கப் பார்த்தது. "அண்ணே, இங்க வாத்து மார்க் சுவர்னு ஒண்ணு இருக்காமே, எந்தப் பக்கம்?"

"நான்தாங்க அது!" என்றது சுவர்.

"நல்லா விளையாடுறீங்களே, அண்ணே" என்று சிரித்துவிட்டு, கேமராக்கள் அடுத்த தெருவில் தேடப் போயின.