யார் தட்டினாலும்

"கதவைத் திறங்க! உள்ளதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்!"

ஆண் குரல். கதவு தடதடவென்று அதிர்ந்தது. விளக்கணைத்த பாலர் வகுப்பில் பதினேழு குழந்தைகளும் இரவு உடுப்போடு, சத்தம் வராமலிருக்க டீச்சர் கொடுத்த குச்சிமிட்டாய் வாயில் இருக்க, சுவரோரம் மூச்சடக்கி ஒண்டிக்கிடந்தார்கள்.

அது யார் என்று லொரெட்டா டீச்சருக்குத் தெரியும். தலைமையாசிரியர் ஹஸ்கல். துப்பாக்கிக்காரன் வந்தால் ஒளிந்துகொள்கிற மாதாந்திர ஒத்திகை முடிந்து கால் மணி நேரமாகிறது. அவரே சாவி போட்டுத் திறந்துவிடுவதுதான் வழக்கம்.

"லொரெட்டா, சாவியைக் காணோம்மா! இன்னிக்குன்னு பாத்து எல்லாரும் பைஜாமாவுல வர்ற நாள். இந்த வாத்துப் படம் போட்ட சனியன்ல ஒரு பாக்கெட் கூட இல்ல. கழுத்துலதான் மாட்டியிருந்தேன். காலைல உங்க வகுப்புல கதை சொன்னப்போ, பசங்க மேல ஏறி விளையாடினாங்களே, அப்பக்கூட இருந்துச்சு!"

டீச்சர் எழப் போனாள். ஒரு சின்னக் கை அவள் அங்கியைப் பிடித்து இழுத்தது. மேபல். துப்பாக்கிக்காரன் வருவான், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஒரு வாரமாக அழிச்சாட்டியம் பண்ணுகிற ஐந்து வயசுக்காரி. நேற்றுத்தான் ஹஸ்கல் அவள் முன்னால் முட்டிபோட்டு, "நானே வந்து கெஞ்சினாலும் இந்தக் கதவு திறக்காது, கண்ணு" என்று சத்தியம் செய்திருந்தார்.

"திறக்கக் கூடாது மிஸ்."

"நம்ம சார்தாண்டி அது."

"சார்னா சாவி இருக்கும்ல?"

இப்போது திறந்தால் திங்கட்கிழமை இவள் வரமாட்டாள். லொரெட்டா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

மேபலின் இன்னொரு கை ஒத்திகை தொடங்கியதிலிருந்தே இறுக மூடியிருந்தது. மிட்டாய்க் காகிதத்தைக்கூடப் பல்லால் கடித்துத்தான் பிரித்தாள். பாவம், என்ன பயமோ.

"எல்லாருக்கும் டோனட் வாங்கித் தரேன்!"

"டோனட் தரானாம். கண்டிப்பா கெட்டவன்தான்," என்றான் ஓட்டிஸ்.

"டேய் ஓட்டிஸ், நீ பேசறது கேக்குதுடா! ஐயோ, அஞ்சாங்கிளாஸ் பசங்க வேற என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க. நான் அழுதுடுவேன் லொரெட்டா!"

"அழட்டும்," என்றாள் மேபல், மிட்டாயைச் சப்பிக்கொண்டே.

கடைசியில் கூட்டிப் பெருக்குகிற ஏர்ல் வேறொரு சாவியைத் தேடி எடுத்துவந்து திறந்தார். மேலெல்லாம் வாத்துகள் வியர்த்து ஒட்டிக்கிடக்க, ஹஸ்கல் உள்ளே வந்தார். திட்ட வாயெடுத்தவர், மேபல் சிரிப்பதைப் பார்த்ததும் அடங்கிப்போனார். ஒரு வாரத்தில் அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

"இப்போ பயம் போயிடுச்சா கண்ணு?"

மேபல் தலையாட்டினாள். மூடியிருந்த கையை அவர் முன்னால் நீட்டி விரித்தாள்.

"போயிடுச்சு சார். நெஜமாவே திறக்கல. இந்தாங்க உங்க சாவி."