மஞ்சள் ரிப்பன் மரம்

"என் மரத்துல மஞ்சள் ரிப்பன் கட்டினது எவன்? வருஷா வருஷம் இதே திருட்டுத்தனம்! நான் கட்டாத ரிப்பனைக் காட்டி என் ஆப்பிளைச் சூறையாடுறாங்க!"

தோட்டத்துச் சொந்தக்காரர் எக்கார்ட் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் நானும் என் கணவர் டீட்மாரும் உள்ளே நுழைந்தோம். கடையில் கிடைக்காத பழைய ஆப்பிள் ஜாதிகளை ஸ்வாபியா வட்டாரத்தில் இன்னும் காப்பாற்றி வைத்திருப்பவர் என்று கேள்விப்பட்டு, பார்க்க வந்திருந்தோம். வரவேற்பு அமோகம்.

மரத்தடியில் கூடையோடு பக்கத்து வீட்டு ரோஸ்விதா. வயது எழுபதுக்கு மேல். குரலுக்கு இருபதுதான்.

"ரிப்பன் கட்டின மரத்துல யாரும் கேட்காமலே பறிக்கலாம். ஊர் வழக்கம். உன்கிட்ட நான் ஏன்யா கேட்கணும்?"

"கட்டினது நான் இல்லைங்கிறேன்!"

"அப்போ மரமே கட்டிக்கிச்சு போல. உன்னைவிட அதுக்கு மனசு பெருசு."

எக்கார்ட் ரிப்பனை வெடுக்கென்று அவிழ்த்துப் பையில் திணித்தார். மரத்தில் சாய்ந்திருந்த ஏணியைத் தூக்கிப் போய்க் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

"நல்லா பூட்டிக்கோ. கைக்கு எட்டுற கிளை போதும் எனக்கு."

நிறைந்த கூடையோடு, நிமிர்ந்த நடையில் வெளியேறினார் ரோஸ்விதா.

"வயசானவங்களுக்கு நாலு ஆப்பிள் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றேன். மனதில் பட்டதை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை. டீட்மார் என் காலை மிதித்தார்.

எக்கார்ட் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ரிப்பனை எடுத்து நீவி, அதே மரத்தில் திரும்பக் கட்டினார். இரட்டை முடிச்சு.

"கடை ஆப்பிளைக் கடிச்சா அவளுக்குத் தொண்டை அரிச்சு வீங்கிடும். இந்த லூய்கன் ஜாதி மட்டும்தான் ஒத்துக்குது. வேலித் தகராறு வந்ததுலேர்ந்து நானாக் கொடுத்தா தொட மாட்டா. திட்டினா, என்னை எரிச்சல்படுத்தவே கூடை கூடையா எடுத்துட்டுப் போவா."

என் வாய் அடைத்துக்கொண்டது. டீட்மாருக்கு அது திருவிழா.

"அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா அவ்வளவுதான், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டா."

சத்தியம் செய்து கொடுத்தோம்.

மற்ற மரங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். வளைவில் ரோஸ்விதா கைகாட்டிக் காரை நிறுத்தினார். ஜன்னல் வழியே ஆளுக்கொரு ஆப்பிளை நீட்டினார். சண்டையில் கேட்ட குரலா இது என்று தோன்றும்படி மெதுவாகக் கேட்டார்.

"ரிப்பனைத் திரும்பக் கட்டிட்டாரா அந்த ஆளு?"

நாங்கள் இருவரும் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் சொன்னதாச் சொல்லாம அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. கீழ்க்கிளையெல்லாம் காலி. நாளைக்கு ஏணியைப் பூட்ட மட்டும் மறந்துடச் சொல்றீங்களா?"