முகத்தைப் பார்த்தாலே தெரியும்

"இந்தப் பழக்கம் இருக்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன். என் கண்ணுல யாரும் மண்ணைத் தூவ முடியாது!"

போதைப் பழக்கம் பற்றி வகுப்பெடுக்க வந்த வாத்தியார் இப்படித்தான் ஆரம்பித்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகன். கட் செய்தார்.

காலை அவசரத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த தோள்பையைத் துழாவினார்.

"லீடர், இந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டர்ல போடும்மா. படமெல்லாம் இதுலதான் இருக்கு."

மறுபடி போன். மறுபடி கட். "காலேஜ் போற வயசாச்சு, ஒரு மணி நேரம் பொறுக்க முடியலை!"

வகுப்பு லீடர் அவர் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா, திருதிருன்னு முழிக்கறே?"

"சார்... இது பென் டிரைவ் இல்லை. இ-சிகரெட்."

வாத்தியாருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "உனக்கெப்படித் தெரியும்? யார் பழக்கிவிட்டா? இப்பவே உங்க வீட்டுக்குப் போன் போடறேன்!"

"இங்க எல்லாருக்குமே தெரியும் சார், பார்த்திருக்கோம்." அவள் குரல் தணிந்தது. "ஆனா இது உங்க பையிலேர்ந்துதானே சார் வந்தது?"

வாத்தியார் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். தித்திப்பாக ஒரு பழ வாசனை. எங்கேயோ தினமும் அடிக்கிற வாசனை.

போன் விடாமல் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தார்.

"அப்பா! என் மேஜை மேல இருந்த பென் டிரைவை எடுத்துட்டுப் போயிட்டீங்களா? யார்கிட்டயும் குடுத்துடாதீங்கப்பா. என் படிப்பே அதுலதான் இருக்கு!"