இரண்டு பேர் படகு

தூண்டில் நுனி அசையவே இல்லை.

மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரன் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவர் எதையோ சொல்ல வாயெடுப்பதும், மென்று முழுங்குவதுமாக இருந்தார்.

வாரம் முழுக்க முழங்காலில் நின்று தரைக்குக் கல் பதிக்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் காலை நீட்டி உட்கார வாய்க்கும். அதையும் ஏரியில் கொண்டுபோய்த் தொலைக்கிறாயே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். இந்தப் படகில் காலை நீட்டினால் மாமனார் மடியில்தான் வைக்க வேண்டும்.

வசந்தத்தில் இந்தப் பாடு இல்லை. முட்டையிட வரும் பெர்ச் மீன்கள் நாணல் ஓரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில், பச்சை உடம்பும் கறுப்பு வரியுமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கும். மண்புழுவைக் கோத்துப் போட்டு நிமிர்வதற்குள் இழுத்துவிடும்.

"போதும் மாப்ளே, ஏரியைக் கொஞ்சம் மிச்சம் வை" என்று மாமனாரே சொல்லியிருக்கிறார்.

கோடை பிறந்ததும் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன. நடு ஏரியில் நங்கூரம் போட்டு, ஈயக்குண்டு தரை தொடும்வரை தூண்டில் நரம்பை விட்டு, மண்டை காயக் காத்துக்கிடக்க வேண்டும். வெயில் மேலேயிருந்து ஒரு தடவை, தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்து ஒரு தடவை அடித்தது.

ஒருவழியாக மாமனாரின் தூண்டில் வளைந்தது.

உள்ளங்கை நீளப் பெர்ச். கொக்கியை அடித்தொண்டைவரை முழுங்கியிருந்தது. அவருக்குக் கைநடுக்கம் வந்ததிலிருந்து மீனைக் கழற்றுவது இவன் வேலை. முதுகுமுள் கட்டைவிரலில் ஏறியது. இவன் கையை உதறவில்லை.

மீனைக் கழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான். "அவ எப்படி இருக்கா மாமா?"

"நல்லா இருக்கா. பல்லுவலிதான் விட்டு விட்டு வருது."

"இடது பக்கமா?"

"ம்."

மீனை வாளியில் போட்டான். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை..." மாமனார் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளை வர்றேங்கிறார்."

மாப்ளே இல்லை. மாப்பிள்ளை. முழுசாக, மரியாதையாக.

மாமனாருக்கு ஒரே மகள்.

அவளும் இவனும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த வாரக் கடைசியில், இனி யார் முகத்திலும் முழிக்க வேண்டாம் என்று இவன் படுத்துக்கிடந்தபோது, மாமனார் தூண்டில் பையோடு வாசலில் வந்து நின்றார். "மீனுக்கு அதெல்லாம் தெரியுமா? கிளம்பு" என்றார். அப்புறம் ஒருநாளும் இருவரும் அதைப் பேசியதில்லை. இந்த வசந்தத்தில் அவளுக்கு மறுபடியும் கல்யாணம் ஆனது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் அவர் வரவில்லை. ஏன் என்று இவன் கேட்கவில்லை.

"படகுல ரெண்டு பேருக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மாமா."

கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. அலுப்புதான் வந்தது. கடைசிக் கல்லையும் பதித்துவிட்டு எழுந்து நிற்கும்போது, வீட்டுக்காரர் வந்து வேறு நிறம் போட்டிருக்கலாமோ என்று சொன்னால் வருமே, அந்த அலுப்பு.

நங்கூரத்தை இழுத்தான். கரைவரைக்கும் இவனே துடுப்புப் போட்டான். மாமனார் வாளியைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதிலிருக்கும் ஒற்றை மீன் எங்கோ ஓடிவிடப்போகிற மாதிரி.

துறையில் படகைக் கட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்து இறக்கி, அவருடைய லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டான். தூண்டில் பையை அவர் தோளில் மாட்டினான்.

"நாணல் பக்கம் போய் உக்காராதீங்க. ஆழத்துலதான் கிடைக்கும். மீனை அவரையே கழட்டச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார்.

"அவருக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது மாப்ளே."

மாமனாருக்கும் தெரியாது.

இவன் படகுப் பக்கம் திரும்பினான். பிறகு தான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினான்.

"என்னைவிட குண்டா?"

"கொஞ்சம் தொப்பை" என்றார் மாமனார், ஏதோ தன் தப்புபோல.

இவன் குனிந்து, இடுப்புப் பட்டையை இரண்டு விரற்கடை தளர்த்தி, ஜாக்கெட்டைப் படகில் தான் உட்காரும் பலகைமேல் வைத்தான்.