ஒன்றரைக் கிலோவுக்கான மருந்து

“ஒரே ஊசியில முடிஞ்சிடுமில்ல டாக்டர்?”

இன்ஷிராஹ் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கீழ்வீட்டு ஆட்டு வியாபாரி கொடுத்த மருந்து. கூடைக்குள் உள்ளங்கை அகல கிரிஃபோன் நாய்க்குட்டி ஒன்று, காதோரமும் வயிற்றிலும் முடி கொட்டிப்போய், ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது.

அலெக்ஸாண்ட்ரியாவில் முப்பது வருடமாக நாய் வைத்தியம் பார்க்கும் டாக்டர் வக்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “பேரென்ன இதுக்கு?”

அவள் குனிந்து கழுத்துப்பட்டையில் இருந்ததைப் படித்தாள். “சிம்சிம். எங்க வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து விட்டுட்டுப் போனாரு.”

தராசு ஒன்றரைக் கிலோ காட்டியது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார் டாக்டர்.

“சொறிப்பூச்சிதான். ஆனா இந்த ஊசி ஆட்டோட எடைக்கு உள்ளது. இந்தப் பொடிசுக்குப் போட்டா வலிப்பு வந்து, விடியறதுக்குள்ள போயிடும்.”

“விடியறதுக்குள்ளயா?”

“ஆமா. தெரியாமப் போட்டுட்டோம்னு எத்தனை பேர் இங்க வந்து நின்னிருக்காங்க. அவங்களை என்ன குத்தம் சொல்றது?”

இன்ஷிராஹ் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களாக உள்ளுக்குள் எல்லாமே மரத்துப்போயிருந்தது. குட்டி தும்மியது.

புட்டியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “அப்ப வேற மருந்து கொடுங்க.”

எடைக்கு அளந்த சொட்டு மருந்தை, நாக்கு எட்டாத பிடரியில் விட்டார் டாக்டர். “அடுத்த மாசம் இன்னொரு தடவை. விரிப்பைக் கொதிக்கிற தண்ணியில அலசும்மா. கையுறை இல்லாமத் தொடாத, மனுஷங்களுக்கும் ஒட்டிக்கும்.”

சொன்னதெல்லாம் செய்தாள். கொஞ்சவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, ஒரு நாளும் தவறவில்லை. முனகினால் ஈரத்துணியால் ஒற்றிவிடுவாள். அது அவளுடைய கையுறையை நக்கும்.

ஒன்பதாவது வாரம் சுரண்டிப் பார்த்ததில் பூச்சியே இல்லை. பழுப்பு முடி பஞ்சாக வளர்ந்திருந்தது.

“மாசமா இருக்கறவ மடியில வச்சுக்கலாமா டாக்டர்? ஒண்ணும் ஆகாதே?”

“தாராளமா வச்சுக்கலாம்.” டாக்டர் முகம் மலர்ந்தார். “யாரு, உன் பொண்ணா?”

இன்ஷிராஹ் கூடையை மூடினாள்.

“என் சக்களத்தி. குட்டி அவளோடது.”