அனுமதி பெற்ற ஊர்வலம்

“சேர், போர்டு தலைகீழா இருக்குதுங்க.”

சவரியம்மா மெல்லச் சொல்லி, பலகையை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். திட்ட அதிகாரி ஒஸ்வல்ட் சிரித்துச் சமாளித்தார். “காலையில இருந்து ஓட்டந்தான். தலையே சுத்துது.”

அலுவிகாரையிலிருந்து மாத்தளை நகரம் வரை காலநிலை மாற்ற விழிப்புணர்வு நடைபவனி. 2008ஆம் ஆண்டு, கொழும்பு நிறுவனமொன்றின் ஏற்பாடு. தோட்டத்துப் பெண்கள் நாற்பது பேர் புது டீசேட்டில் நின்றார்கள். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் உருகும் பனிப்பாறை, அதன்மேல் ஒரு வெள்ளைக் கரடி.

அவர்களைக் கூட்டிவருவது ஒஸ்வல்டுக்கு லேசாக இருக்கவில்லை. போன மாதம் தண்ணீர் கேட்டுத் தோட்ட ஆபீஸ் முன்னால் உட்கார்ந்ததற்கு, சவரியம்மாவின் மகன் வின்சன்டைப் பொலிஸார் ஜீப்பில் ஏற்றிப்போய் மூன்று நாள் விசாரித்தார்கள். யுத்த காலம், நாலு தமிழர் சேர்ந்து நின்றாலே கேள்வி வரும்.

“இது வேற அம்மா. இது உலகப் பிரச்சின,” என்றிருந்தார் ஒஸ்வல்ட். “பொலிஸ் அனுமதிக் கடிதமே இருக்கு.”

கடிதத்தை வாங்கி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள் சவரியம்மா. “அப்ப வர்றோம். தமிழ் போர்டு யாரு எழுதுறது?”

“நீங்களே எழுதுங்க. அதுக்குப் பேரு சமூகப் பங்களிப்பு.”

மகள் மதலேனா எழுதினாள். எழுத்து அச்சடித்தது போல் இருந்தது. அதில் ஆகப் பெரிய பலகையை ஒஸ்வல்ட் தனக்கென எடுத்துக்கொண்டார்.

ஊர்வலம் புறப்பட்டது. சோதனைச் சாவடியில் சிங்களப் பொலிஸ் சார்ஜன் கடிதத்தைப் பார்த்தார், தமிழ்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார், லொறிகளை நிறுத்தி வழிவிட்டார்.

கடைத்தெருவில் துணிக்கடை அப்துல் ஸமத் ஹாஜியார் அளவுகோலைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். ஒஸ்வல்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல தைரியம் தம்பி ஒங்களுக்கு.” பிறகு கூடவே நடந்தார். மக்கள் விழித்துவிட்டார்கள் என்று ஒஸ்வல்டுக்கு நெஞ்சு நிறைந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் ஓடி ஓடிப் படமெடுத்தார்.

மூன்றாம் நாள் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் இரண்டு தண்ணீர் பவுசர் லொறிகள் நின்றன. பெண்கள் வாளிகளோடு வரிசையில் இருந்தபோது ஒஸ்வல்ட் தமிழ்ப் பத்திரிகையோடு வந்து சேர்ந்தார். முதல் பக்கத்தில், பலகையை உயர்த்திப் பிடித்தபடி அவரேதான்.

“பாத்தீங்களா அம்மா? உலகத்துக்காக நடந்தோம், தண்ணி தானா வருது. தோட்டத் தொரைக்குக் காலநில வெளங்கிருச்சு.”

“சரிங்க, சேர்.”

“படத்துக்கு மேல பெரிசா என்னமோ போட்டிருக்கு. வாசிங்க பாப்போம். கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்.”

கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சவரியம்மா அதைப் பார்க்காதது போலப் பத்திரிகையை வாங்கி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“‘மூன்று மாதமாக லயத்தில் தண்ணீர் இல்லை. துரை பங்களாப் புல்லுக்கு இரண்டு வேளை தண்ணீர்.’”

ஒஸ்வல்ட் பத்திரிகையைத் திரும்ப வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார். “யாரு... யாரு இப்படிச் சொன்னது?”

“நீங்க தாங்க, சேர். போர்டு ஒங்க கையில தானே இருக்கு.”